வெயிலில் தவிக்கும் தொட்டி மீன்கள்: ஐஸ் போடலாமா, கூடாதா?

(நமது பகுதி நேர நிருபர்)

வண்டன்மேடு:

கம்பத்திலிருந்து கம்பமெட்டு வழியாக வண்டன்மேடு ஏறும் ஜீப்புகளில் ஏலத் தோட்டத்து ஆட்கள் மட்டும் வருவதில்லை. பள்ளிக்கூட விடுமுறை நெருங்கும் நாட்களில், பாலிதீன் பையில் இரண்டு கோல்டு பிஷ்ஷோ நாலு கப்பியோ மடியில் வைத்துக்கொண்டு வருகிறவர்களையும் பார்க்கலாம். பிள்ளை கேட்டது, வாங்கியாயிற்று. லயத்து வீட்டில் ஒரு கண்ணாடித் தொட்டி, நாலு கூழாங்கல், ஒரு பிளாஸ்டிக் செடி. மாலையில் தோட்டத்திலிருந்து திரும்பியவர் சாயா கிளாசைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அதிகச் செலவில்லாத பொழுதுபோக்கு.

பாலக்காட்டுப் பக்கம் வந்தால் ஒலவக்கோடு, கஞ்சிக்கோடு குடியிருப்புகளிலும் இதே ஆசை உண்டு. அங்கே குமாஸ்தாக்களும் ஆலைத் தொழிலாளிகளும் அலமாரி மேலே தொட்டி வைத்திருக்கிறார்கள். ஆனால் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான். ‘மாசி வரை நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, சித்திரையில் ஒவ்வொன்றாக மிதக்கிறது.’ கடைக்காரர் கெட்ட மீனைக் கொடுத்துவிட்டார் என்று சிலர் சண்டைக்குப் போகிறார்கள். கண் பட்டுவிட்டது என்கிறவர்களும் உண்டு. பெரும்பாலும் இரண்டும் காரணமல்ல. வெயில்தான் காரணம். 2024 ஏப்ரல் கடைசியில் பாலக்காட்டில் வெப்பம் 41 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டி, வெப்ப அலை எச்சரிக்கை வந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். காற்றில் 41 டிகிரி என்றால், தகரக் கூரையின் கீழே மூடி போட்ட தொட்டியில் உள்ள மீனின் கதி என்ன?

மூச்சு முட்டும் தண்ணீர்

சூடான தண்ணீரில் மீன் வெந்து சாவதில்லை. மூச்சு முட்டிச் சாகிறது. இதை முதலில் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது.

20 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராம்தான். 35 டிகிரியில் 7 மில்லிகிராம் ஆகிவிடும். வரவு இப்படிக் குறைய, செலவு கூடுகிறது. மீனுக்கு உடம்புச் சூடு என்று தனியாகக் கிடையாது. தண்ணீரின் சூடுதான் அதன் சூடு. தண்ணீர் 10 டிகிரி ஏறினால் மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் சுமாராக இரண்டு மடங்காகும். சம்பளம் குறைந்து குடும்பம் பெருத்த கதை!

இத்துடன் இன்னொரு தொல்லை. மீன் கழிவிலிருந்தும் மிச்ச இரையிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. தண்ணீர் சூடாக ஆக, அந்த அம்மோனியாவில் விஷமாக வேலை செய்யும் பங்கு அதிகமாகிறது. குளிர்காலத்தில் தாங்கிக்கொண்ட அதே அழுக்கு, கோடையில் கொல்லும்.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா, செவுள் வேகமாக அடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘இரை கேட்கிறது’ என்று எண்ணி அந்த நேரத்தில் ஒரு பிடி பொரியைத் தூவுகிறவர்கள் இருக்கிறார்கள். அது இரை கேட்கவில்லை, காற்று கேட்கிறது.

மீன்கள் பெரும்பாலும் விடியற்காலையில்தான் செத்துக் கிடக்கும். இதற்கும் காரணம் உண்டு. தொட்டியில் உயிருள்ள செடி இருந்தால் பகலில் வெளிச்சத்தில் அது ஆக்சிஜனை வெளியிடும். இரவில் அதுவும் மீனோடு சேர்ந்து ஆக்சிஜனை இழுக்கும். ‘கர்ர்’ என்ற இரைச்சல் தூக்கத்தைக் கெடுக்கிறது என்று ராத்திரியில் காற்று மோட்டாரை நிறுத்திவிட்டுப் படுப்பவர்கள் நம்மில் பலர். கோடையில் அதை மட்டும் செய்யக்கூடாது. பகலில் வேண்டுமானால் நிறுத்தலாம். இரவில் கட்டாயம் ஓட வேண்டும். மோட்டாருக்கு அடியில் ஒரு மடித்த துணியை வைத்தால் பாதி இரைச்சல் அடங்கிவிடும்.

எந்த மீன் தாங்கும்?

எல்லா மீனும் ஒன்றல்ல. கோல்டு பிஷ் கெண்டை இனத்தைச் சேர்ந்தது. குளிர்ந்த தண்ணீருக்குப் பழகியது. 18 முதல் 24 டிகிரி வரை அதற்குச் சுகம். 30-ஐத் தாண்டினால் திண்டாட்டம். ஆனால் நம் ஊர்களில் அதிகம் விற்பதும் அதுதான், அதுவும் உருண்டைக் கண்ணாடிக் கிண்ணத்தில்! வாய் குறுகிய கிண்ணத்தில் காற்றுப் படும் பரப்பும் குறைவு, தண்ணீரும் குறைவு. பாலக்காட்டு வெயிலில் கோல்டு பிஷ்ஷைக் கிண்ணத்தில் வளர்ப்பது நிருபரின் அபிப்பிராயத்தில் வளர்ப்பே அல்ல.

கப்பி, மோலி போன்றவை 28, 30 டிகிரி வரை பெரிதாகத் தொல்லை தராது. ஏஞ்சலும் ஓரளவு தாங்கும். பைட்டர் மீனும் கௌராமியும் மேலே வந்து நேராகக் காற்றை விழுங்கிச் சுவாசிக்கும் உறுப்பு படைத்தவை; ஆக்சிஜன் குறைந்த தண்ணீரிலும் அவை பிழைத்துக்கொள்ளும். கீழ்நாட்டுச் சூட்டில் புதிதாகத் தொட்டி வைக்கிறவர் இவற்றில் தொடங்குவது நல்லது.

இடம் முக்கியம்

பணம் செலவழிக்கும் முன்பு தொட்டி இருக்கும் இடத்தைப் பார்க்க வேண்டும். மேற்குச் சுவரை ஒட்டி வைத்த தொட்டி, வெயில் சாய்ந்த பிறகும் ராத்திரி பத்து மணி வரை சுவரிலிருந்து சூட்டை வாங்கிக்கொண்டிருக்கும். டெலிவிஷன் பக்கத்திலும் பிரிஜ் மேலேயும் வைப்பது அதைவிட மோசம். வீட்டிலேயே குளிர்ந்த மூலை எது என்று பூனையைக் கேட்டால் தெரியும். மத்தியானம் அது படுக்கும் இடம்தான். அங்கே தொட்டியை வைத்து, பூனையை வேறிடத்துக்கு அனுப்ப வேண்டியதுதான்!

தொட்டியை நகர்த்தும்போது தண்ணீரை முக்கால் பங்கு இறைத்துவிட்டுத்தான் தூக்க வேண்டும். 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரமுள்ள தொட்டி முழுக்க நிறைந்தால் 56 லிட்டருக்கு மேல் பிடிக்கும். அந்தக் கனத்தோடு தூக்கினால் அடிக் கண்ணாடி விட்டுப்போகும்.

மூடியில் குண்டு பல்பு இருந்தால் கழற்றிவிடுங்கள். அந்த பல்பு வெளிச்சத்தைவிடச் சூட்டைத்தான் அதிகம் தருகிறது. எல்.இ.டி. விளக்கு போதும், அதையும் மாலையில் இரண்டு மூன்று மணி நேரம் எரித்தால் போதும். கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி விழாமல் கொசுவலைத் துணியைக் கட்டலாம். தொட்டியின் பின்புறமும் பக்கங்களிலும் தெர்மாகோல் அட்டை ஒட்டினால் பகல் சூடு மெதுவாகத்தான் உள்ளே ஏறும்.

மண்பானைத் தத்துவம்

மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்று நம் பாட்டிமார்களுக்குத் தெரியும். பானையின் மேல் கசியும் ஈரம் ஆவியாகப் போகும்போது சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. தொட்டியைக் குளிரவைக்கும் முறைகளில் மலிவானதும் நல்லதும் இதே தத்துவத்தில்தான் இருக்கிறது: தண்ணீரின் மேற்பரப்பில் படும்படி ஒரு சிறிய விசிறியைச் சாய்த்து வைப்பது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். 50 லிட்டர் தொட்டியிலிருந்து அரை லிட்டர் ஆவியானால், வெளியிலிருந்து சூடு வராத பட்சத்தில் மிச்சத் தண்ணீர் ஏறக்குறைய 6 டிகிரி இறங்க வேண்டும். அறைச் சூடு கண்ணாடி வழியாக உள்ளே வந்துகொண்டே இருப்பதால் நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது. 2 முதல் 4 டிகிரி வரை இறங்கும். மீனைப் பிழைக்க வைக்க அது போதும்.

இந்த விஷயத்தில் பாலக்காட்டுக்காரர்களுக்கு ஒரு சலுகை உண்டு. மாசி, பங்குனியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தமிழ்நாட்டிலிருந்து வீசும் கிழக்குக் காற்று வறண்ட காற்று. உதட்டை வெடிக்க வைக்கும் அந்தக் காற்றில் தண்ணீர் வேகமாக ஆவியாகும். விசிறி நன்றாக வேலை செய்யும். கொச்சி போன்ற கடலோரத்தில் காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் அதே விசிறி அரைகுறையாகத்தான் பயன்படும். அங்கே உள்ள நண்பர்கள் ‘நீங்கள் சொன்னபடி செய்தேன், ஒன்றும் ஆகவில்லையே’ என்று கோபிக்க வேண்டாம்.

கரண்ட் செலவு? 50 வாட் மேஜை விசிறி 8 மணி நேரம் ஓடினால் 0.4 யூனிட், மாதத்துக்கு 12 யூனிட். கம்ப்யூட்டரில் இருக்கும் சிறு விசிறியை ஒரு சார்ஜரில் இணைத்து ஓட்டினால் அதில் பத்தில் ஒரு பங்குகூட ஆகாது. ‘சில்லர்’ என்ற குளிர்விக்கும் மெஷினும் விற்கிறார்கள். விலை பல ஆயிரம் ரூபாய். மாதச் சம்பளக்காரர்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை.

விசிறி வைத்தால் தண்ணீர் குறைந்துகொண்டே வரும். குறைந்த அளவுக்குத் தினமும் தண்ணீர் சேர்க்க வேண்டும். ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும்தான்; உப்பும் அழுக்கும் தொட்டியிலேயே தங்கிவிடும். ஆகையால் வாரம் இரண்டு முறை ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை இறைத்து மாற்றியாக வேண்டும். மாற்றும் தண்ணீரை முதல் நாளே மண்பானையிலோ நிழலில் வைத்த வாளியிலோ ஊற்றி வைத்தால், குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் போய்விடும், குளிர்ச்சியும் கிடைக்கும். கேரளத்தில் வீட்டுக்கு வீடு கிணறு உண்டு. கிணற்றுத் தண்ணீர் குளிர்ந்திருந்தாலும் அதில் ஆக்சிஜன் குறைவு. இறைத்த கையோடு தொட்டியில் கொட்டாமல், இரண்டு வாளியில் மாற்றி மாற்றி ஆற்றி ஊற்ற வேண்டும், சாயா ஆற்றுவது மாதிரி.

ஐஸ் ஆபத்து!

இனி எல்லோரும் கேட்கும் கேள்வி: ஐஸ் போடலாமா?

தொட்டியின் அளவைப் பொறுத்தது. அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி உறையவைத்து, மூடியை இறுக்கி, 32 டிகிரியில் உள்ள 50 லிட்டர் தொட்டியில் மிதக்கவிட்டால், முழுதும் உருகிச் சூடு சமமாகும்போது தண்ணீர் சுமார் ஒரு டிகிரி இறங்கியிருக்கும். ஆபத்தில்லை. மத்தியானம் ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்று மாற்றிப் போடலாம்.

அதே பாட்டிலை 5 லிட்டர் கிண்ணத்தில் போட்டால் என்ன ஆகும்? 32 டிகிரி தண்ணீர் 22 டிகிரிக்கு இறங்கிவிடும். பத்து டிகிரி இறக்கம், அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். சூட்டில் பிழைத்த மீன் இந்த அதிர்ச்சியில் செத்துப்போகும். ‘ஐஸ் போட்டேன், செத்துவிட்டது’ என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் கிண்ணக்காரர்கள்தான்.

ஐஸ் கட்டியை நேராகத் தண்ணீரில் போடக்கூடாது. குழாய்த் தண்ணீரில் செய்த கட்டியானால் குளோரினும் அதோடு வரும். மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் ஐஸ் சுத்தத்துக்கு உத்தரவாதம் இல்லாதது. அதைத் தொடவே வேண்டாம். எப்படிக் குளிரவைத்தாலும் ஒரு மணி நேரத்தில் ஒரு டிகிரிக்கு மேல் இறக்காமலிருப்பது நல்லது. கண்ணாடித் தெர்மாமீட்டர் ஒன்று கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது. கையை விட்டுப் பார்த்து ‘சூடாக இருக்கிறது, இல்லை’ என்று சொல்வது நம்பத்தக்கதல்ல. வெயிலிலிருந்து வந்த கைக்கு 33 டிகிரியும் குளிர்ச்சியாகத்தான் தெரியும்.

கோடையில் கரண்ட் போவதும் சகஜம். காற்று மோட்டார் நின்றுவிட்டால் பயப்படாமல் ஒரு செம்பில் தொட்டித் தண்ணீரையே மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து மெதுவாகத் திரும்ப ஊற்றிக்கொண்டிருந்தால் ஆக்சிஜன் சேரும். கால்மணிக்கு ஒருமுறை இருபது செம்பு. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் இதற்குப் போட்டி போடுவார்கள். பல மணி நேரம் நின்ற பில்டரை அப்படியே மீண்டும் ஓட்டக்கூடாது. உள்ளே அழுகிப்போன அழுக்கு ஒரே மூச்சில் தொட்டிக்குள் வரும். தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு ஓட்ட வேண்டும்.

இரையைப் பாதியாகக் குறையுங்கள். வெயில் அதிகமான நாளில் காலை ஒரு வேளை போதும். ஒரு நாள் போடாவிட்டாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

மலை மேலே வேறு கணக்கு

இவ்வளவும் கீழ்நாட்டுக் கதை. கடல் மட்டத்திலிருந்து 3,000 அடிக்கு மேலே உள்ள வண்டன்மேட்டில் கணக்கு வேறு. ஆயிரம் அடி ஏறினால் சுமார் 2 டிகிரி குறையும் என்பது பொது விதி. கம்பத்தில் வியர்த்துக்கொண்டு ஜீப் ஏறியவர் கம்பமெட்டு செக்போஸ்ட் தாண்டும்போது சட்டைப் பொத்தானைப் போடுவதும் இதனால்தான். கோல்டு பிஷ்ஷுக்கு ஏற்ற சீதோஷ்ணம் வண்டன்மேட்டில்தான் இருக்கிறது என்று சொல்லலாம். கப்பிக்கும் பைட்டருக்கும் மார்கழியில் ஹீட்டர் தேவைப்படும்.

ஆனால் லயத்துத் தகரக் கூரை மலைக்கும் பொது. பகலில் கூரை காய்ந்து அறை கொதிக்கும். ராத்திரி சட்டென்று குளிரும். சிறிய தொட்டியில் இந்த ஏற்ற இறக்கம் அப்படியே தண்ணீரிலும் நடக்கும். தினம் இப்படி ஏறி இறங்கினால் மீன் இளைத்து நோய் பற்றும். அங்கே ஐஸும் வேண்டாம், விசிறியும் வேண்டாம். தொட்டியைப் பெரிதாக்கி, சுற்றிலும் தெர்மாகோல் வைத்து, கூரைக்கு அருகே உள்ள பரணில் வைக்காமல் தரையை ஒட்டி வைத்தால் போதும். கம்பத்தில் வாங்கிவந்த மீனைப் பையோடு தொட்டியில் அரைமணி நேரம் மிதக்கவிட்டு, பிறகுதான் திறந்துவிட வேண்டும்.

கூரை என்று சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. கேரளத் தொழில் துறை கோடைதோறும் வெயிலில் வேலை செய்கிறவர்களுக்குப் பகல் 12 மணி முதல் 3 மணி வரை ஓய்வு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிடுகிறது. 3,000 அடிக்கு மேற்பட்ட, வெயில் பாதிப்பு வராத இடங்களுக்கு அந்த உத்தரவில் விலக்கு உண்டு. ஆனால் 2024-ல் இடுக்கி மலையிலேயே வறட்சியில் ஏலச் செடிகள் கருகின. நிழலில் வளரும் செடி கருகும் வெயிலில், அந்தச் செடிக்கடியில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும் வெயில் பாதிக்காது என்பது எந்தக் கணக்கு என்று தோட்டத்து ஆட்கள் கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். கஞ்சிக்கோட்டில் கட்டட வேலை செய்யும் நம்மவர்கள் இந்த மூன்று மணி நேர ஓய்வைக் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். அது சலுகை அல்ல, உத்தரவு.

பார்சலில் வரும் மீன்

சென்னை கொளத்தூரில் வீட்டுக்கு வீடு, தெருவுக்குத் தெரு வண்ண மீன் வளர்ப்பு நடப்பது பலருக்குத் தெரிந்திருக்கும். அங்கிருந்து வெளியூர் போகும் மீனைப் பாலிதீன் பையில் ஒரு பங்கு தண்ணீர், இரண்டு பங்கு ஆக்சிஜன் என்று நிரப்பி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்குகிறார்கள். அனுப்புவதற்கு ஒரு நாள் முன்பே இரையை நிறுத்திவிடுவார்கள். பைக்குள் கழிவு சேராமலிருக்க இது வழி. இப்படிக் கட்டிய மீன் ஒரு ராத்திரிப் பயணத்தைச் சுலபமாகத் தாங்கும். ஓடும் வண்டியில் மீன் சாவது அபூர்வம். இறக்கிய பெட்டி பிளாட்பாரத்தில் வெயில் படக் கிடக்கும்போதுதான் சாகிறது. பார்சல் வேலை தெரிந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: மீன் வரவழைக்கிறவர்கள் காலையில் வந்துசேரும் வண்டியில் அனுப்பச் சொல்லுங்கள், வண்டி வரும் முன்பே ஸ்டேஷனில் இருங்கள். போடிநாயக்கனூருக்கு 2023 ஜூன் மாதத்தில் மீண்டும் ரயில் வந்துவிட்டதால் வண்டன்மேட்டுக்காரர்களுக்குக் கிட்டத்தில் ஒரு ஸ்டேஷன் ஆயிற்று. இடுக்கி ஜில்லாவுக்குள் ரயில் பாதை கிடையாது.

மிஸ் கேரளா

வண்ண மீன் கடைகளில் ‘மிஸ் கேரளா’ என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். கண்ணிலிருந்து நடுவுடல் வரை ஓடும் சிவப்புக் கோடும் அதன் கீழே நீண்ட கறுப்புக் கோடும் உள்ள அழகான மீன். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகள்தான் இதன் சொந்த ஊர். 1865-ல் பிரான்சிஸ் டே என்ற மீன் ஆராய்ச்சியாளர், அப்போதைய சென்னை கவர்னர் வில்லியம் டெனிசன் பெயரை இதற்கு வைத்தார். பாறைகளுக்கிடையே குளிர்ந்து வேகமாக ஓடும், ஆக்சிஜன் நிறைந்த தண்ணீரில் பழகிய மீன் இது. 1990-களிலிருந்து வெளிநாட்டுத் தொட்டிகளுக்காக ஆறு ஆறாக வலைபோட்டுப் பிடித்ததில் இப்போது அழியும் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. பாலக்காட்டுச் சித்திரையில் நம் வீட்டுத் தொட்டி இதற்குச் சிறைக்கும் மேலே. தோட்டத்துப் பிள்ளைகள் ஓடையில் பிடித்து விற்க வந்தாலும் வாங்கக்கூடாது. மலை ஓடையில் கூட்டமாகப் போகும்போது பார்த்து மகிழலாம்.

ஊருக்குப் போகும்போது

மே மாதம் குடும்பத்தோடு சொந்த ஊருக்குப் போகிறவர்கள், ‘பத்து நாள் யார் பார்ப்பது?’ என்று மீனைப் பக்கத்து ஆற்றிலோ கிணற்றிலோ விட்டுவிட்டுப் போகிறார்கள். புண்ணியம் என்று நினைப்பு. தொட்டியின் பாசியைத் தின்னும் என்று வாங்கி, பெரிதானதும் தூக்கி எறியப்பட்ட சக்கர் மீன் இன்று கேரளத்துக் கால்வாய்களில் பெருகி, உள்ளூர் மீனுக்கு இடமில்லாமல் செய்கிறது. வளர்ந்த மீன் ஒரு வாரம் இரையின்றி இருக்கும். பட்டினி அதைக் கொல்லாது, சூடும் காற்றில்லாமையும்தான் கொல்லும். பூட்டிய வீட்டில் ஜன்னல் எல்லாம் அடைத்திருக்கும், சூடு வழக்கத்தைவிட இரண்டு பங்கு ஏறும். ஒரு ஜன்னலின் மேல்கதவையாவது திறந்து வைத்து, மெயின் சுவிட்சை அணைக்காமல், காற்று மோட்டாரும் சிறு விசிறியும் ஓடும்படி விட்டுப் போங்கள். போவதற்கு இரண்டு நாள் முன்பு தண்ணீரை ஐந்தில் ஒரு பங்கு மாற்றிவிடுங்கள்.

சாவியைப் பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் கொடுத்தால் ‘பாவம், பட்டினி கிடக்கிறது’ என்று இரை டப்பா முழுவதையும் ஒரே நாளில் கொட்டிவிடுவார், அன்புதான் காரணம். டப்பாவை ஒளித்து வைத்துவிட்டு, இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகை வீதம் ஐந்து காகிதப் பொட்டலமாக மடித்து, மேலே தேதி எழுதிக் கொடுங்கள். தண்ணீர் எந்த அளவுக்கு இறங்கினால் எவ்வளவு ஊற்றுவது என்று கண்ணாடியில் ஒரு மைக்கோடும் போட்டுவைத்தால், சேச்சிக்கும் சிரமமில்லை.